“சீனியைக் குறைங்க” என்றால் எவ்வளவு? மலாக்கா நீரிழிவு நோயாளிகளுக்குக் கிடைக்காமல் போகும் சிறு கணக்கு

மெர்லிமாவ், ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜிட் தானா என மலாக்காவின் எந்த அரசு சுகாதார கிளினிக்கிற்குப் போனாலும் நீரிழிவு நோயாளிகளின் வரிசையில் நம்மவர்களைப் பார்க்கலாம். கையில் பச்சைப் புத்தகம், பையில் காலி மருந்து உறை, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த களைப்பு. இரத்தம் எடுத்து, எடை பார்த்து, இரத்த அழுத்தம் பார்த்து, கடைசியில் டாக்டரின் அறைக்குள் போனால் ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து நிமிடம். “கூலா திங்கி லாகி, அம்மா. குராங்கான் மானிஸ், யா?” அம்மாவும் “பாய்க், டாக்டர்” என்று தலையாட்டிவிட்டு வெளியே வருகிறார். மூன்று மாதம் கழித்து அதே அறை, அதே வாக்கியம், அதே தலையாட்டல்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. குறைக்க வேண்டும் என்று டாக்டர் உண்மையாகவே நினைக்கிறார், குறைக்கிறேன் என்று அம்மாவும் உண்மையாகவே சொல்கிறார். எதை, எவ்வளவு, எந்த நேரத்தில், வாரத்தில் எத்தனை நாள் என்ற பேச்சு மட்டும் அந்த அறையில் நடப்பதில்லை.

நாட்டின் நிலவரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார, நோய்த்தன்மை ஆய்வு 2019-இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 31.4 விழுக்காடு, அதாவது மூன்று பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. 2023 ஆய்வில் நாட்டு அளவு 15.6 விழுக்காடாக இறங்கியது. ஆனால் அதே ஆய்வு, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு, உடல் பருமன் ஆகிய நான்கும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் என்றும் சொன்னது. நீரிழிவு இருக்கும் 18 முதல் 29 வயது இளையோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தமக்கு அந்நோய் இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள்.

இதன் கடைசிக் கட்டம் எது என்பதை விளக்கத் தேவையில்லை. நாட்டில் புதிதாக டயாலிசிஸ் செய்யத் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டதற்குக் காரணம் நீரிழிவு. வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். வீட்டில் ஒருவருக்கு அது வந்துவிட்டால் அழைத்துப் போகும் மகனின் வேலையும் சேர்ந்து ஆட்டம் காண்கிறது.

நோய் வந்த பிறகும் இந்தப் பாதையைத் திருப்ப முடியும். பிரிட்டனில் நடந்த யு.கே.பி.டி.எஸ். என்ற நீண்ட கால ஆய்வின் 2000-ஆம் ஆண்டு முடிவுகளில், எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சீனி அளவு ஒரு புள்ளி குறைந்தவர்களிடம் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பு 37 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒன்பதிலிருந்து எட்டுக்கு இறங்குவதே பெரிய வெற்றி. நம் நாட்டின் 2020 சிகிச்சை வழிகாட்டியும் எல்லாருக்கும் ஒரே இலக்கு வைக்கவில்லை. புதிதாக நோய் கண்ட இளையவருக்கு ஓர் அளவு. இருதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்ட, வயதான ஒருவருக்கு 8 வரை தளர்வு. பச்சைப் புத்தகத்தைச் சுமக்கும் எத்தனை பேருக்குத் தம் சொந்த இலக்கு எண் தெரியும் என்று எந்தக் கிளினிக் வாசலிலும் கேட்டுப் பார்க்கலாம்.

எண் தெரிந்தாலும் அது பாதி வேலைதான். 7.0 என்பது உடம்பில் வர வேண்டிய விளைவு. அதைச் சமைக்க முடியாது, நடக்க முடியாது, கடையில் வாங்க முடியாது. மனிதர் செய்யக்கூடியது ஒரு செயலைத்தான். இந்த வேறுபாட்டைப் பாடத்திட்டமாகவே ஆக்கியவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேட் லோரிக். 1970-களின் பிற்பகுதியில் மூட்டுவாத நோயாளிகளுக்காகத் தொடங்கிய அவருடைய வகுப்பு, பிறகு எல்லா நாட்பட்ட நோய்களுக்கும் பொதுவானதாக விரிந்தது. ஆறு வாரம், வாரத்திற்கு இரண்டரை மணி நேரம். நடத்துவது டாக்டர் இல்லை. அதே மாதிரி நோயோடு வாழும் சாதாரண ஆட்கள் இருவர்.

அந்த வகுப்பின் உயிர்நாடி ஒவ்வொரு வாரமும் போடும் சிறு திட்டம். அதை நோயாளியே தேர்ந்தெடுக்க வேண்டும். என்ன, எவ்வளவு, எப்போது, வாரத்தில் எத்தனை நாள் என்ற நான்குக்கும் விடை இருக்க வேண்டும். கடைசியாக ஒரு கேள்வி: இதை முடிப்பேன் என்று 10-க்கு எவ்வளவு நம்பிக்கை? 7-க்குக் குறைந்தால் திட்டத்தைச் சின்னதாக்க வேண்டும். அடுத்த வாரம் வந்து முடிந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். முடியாவிட்டால் திட்டு கிடையாது. எங்கே தடுக்கியது என்று மற்றவர்கள் சேர்ந்து யோசிப்பார்கள்.

இதையே மலாக்காவின் ஒரு தாமான் வீட்டுக்குக் கொண்டுவந்தால் பேச்சு இப்படி இருக்கக்கூடும் (இது கற்பனை உரையாடல்தான்):

“அம்மா, ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் தேத்தண்ணி குடிக்கிறீங்க?”

“காலையில ஒண்ணு, பத்து மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வீட்டுக்கு யாராவது வந்தா இன்னொண்ணு, மிஸ்ஸி.”

“இதுல எதை மாத்துனா உங்களுக்குக் கஷ்டம் கம்மி?”

“காலையில உள்ளதத் தொடாதீங்க, தலைய வலிக்கும். பத்து மணி டீ சும்மா பழக்கந்தான்.”

“அப்ப பத்து மணி டீய மட்டும் கோசோங்கா குடிப்போமா? வாரத்துல எத்தனை நாள் முடியும்?”

“அஞ்சு நாள் முடியும். சனி ஞாயிறு பேரப்பிள்ளைங்க வந்துடுவாங்க.”

“முடிச்சிடுவேன்னு பத்துக்கு எவ்வளவு நம்பிக்கை?”

“ஒரு… எட்டு போடுங்க.”

இரண்டு நிமிடப் பேச்சு. இரண்டு மேசைக்கரண்டி இனிப்பு டின் பாலில் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. வாரத்தில் ஐந்து கிளாஸ் என்றால் 100 கிராம், ஆண்டுக்கு ஐந்து கிலோ. அந்த அம்மா எதையும் “கட்டுப்படுத்தவில்லை”. பத்து மணிக்கு ஒரே ஒரு காரியத்தை வேறு மாதிரி செய்கிறார், அவ்வளவுதான். நோயைப் பற்றிய நம் பேச்சில் கட்டுப்பாடு, பத்தியம், விரதம் என்ற சொற்களே முதலில் வந்து நிற்கின்றன. மூன்றும் மன உறுதிக்கு வைக்கும் சோதனை போலவே ஒலிக்கின்றன, தோற்றால் வெட்கம். திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் பத்துக் குறள்களில் பெரும்பகுதி பேசுவது முன் உண்டது செரித்ததா, எந்த அளவு உண்பது என்பதைத்தான். அளவைப் பேசுவது நம் மரபுக்குப் புதியது அல்ல. கிளினிக் அறைக்குள்தான் அது காணாமல் போய்விட்டது.

இதற்கு நேரமின்மை ஒரு காரணம். மொழி இன்னொன்று. தமிழ் பேசும் டாக்டர்களும் தாதிகளும் இருக்கிறார்கள், ஆனால் நம் முறை வரும்போது அந்த அறையில் யார் உட்கார்ந்திருப்பார் என்பது அதிர்ஷ்டம். அறுபது வயதுக்கு மேற்பட்ட தோட்டத்துப் பெண்கள் பலருக்குக் கடைத்தெரு மலாய் நன்றாகவே வரும். தன் மலச்சிக்கலையும், மெட்ஃபார்மின் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டுவதையும், அதனால் மாத்திரையைப் பாதி நாள் விட்டுவிடுவதையும் அந்த மலாயில் சொல்ல வராது. சொல்லாததால் மாத்திரை போதவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டுகிறார். கூட்டிய மாத்திரையும் அலமாரிக்குள் போகிறது.

மருந்து உறையில் இருப்பதும் மலாய்தான்: ஒரு வில்லை, ஒரு நாளைக்கு இரண்டு முறை, சாப்பிட்ட பிறகு. எழுதுவதற்குச் சுலபம். ஆயர் குரோவிலும் பத்து பெரெண்டாமிலும் தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்கு இரவு ஷிஃப்ட் வரும் வாரங்களில் எது காலைச் சாப்பாடு, எது இரவுச் சாப்பாடு? இரவு ஏழுக்கு உள்ளே போய்க் காலை ஏழுக்கு வெளியே வருகிறவர் கேன்டீனில் நள்ளிரவில் நாசி லெமாக் சாப்பிட்டு, வீட்டுக்கு வந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுத் தூங்குகிறார். அவருக்கு உதவும் திட்டம் “காலை, இரவு” என்று இருக்காது. “வேலைக்குக் கிளம்பும் முன் சோறு சாப்பிட்ட கையோடு ஒன்று, வேலை முடிந்து வந்து சாப்பிட்டதும் ஒன்று” என்று இருக்கும். ஷிஃப்ட் மாறும் வாரத்திற்கு இன்னொரு வரி. இன்சுலின் போடுகிறவருக்கு இது தவறினால் வெறும் மறதியாக முடியாது, தாழ்சீனியில் போய் நிற்கும். ஆகவே மருந்து நேரத்தை மாற்றுவதை மட்டும் மருந்தாளுநரிடம் கேட்காமல் செய்யக்கூடாது.

தோட்டத்தின் கதை வேறு. புக்கிட் அசஹான், கெமெண்டோர், டைமண்ட் ஜூபிலி, தெபோங் என்று பெயர்கள் இன்னும் இருக்கின்றன. லயங்கள் பல காலியாகிவிட்டன, செம்பனை வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். ஒரு காலத்தில் தோட்டத்து டிரெசர், நல்லதோ கெட்டதோ, ஒவ்வொரு குடும்பத்தையும் பெயரோடு அறிந்திருந்தார். “ஏன் நேத்து வரல?” என்று பெரட்டில் வைத்தே கேட்பார். அவருடைய அதிகாரத்தைப் பற்றிய கசப்பான நினைவுகளும் பழைய தொழிலாளர்களிடம் உண்டு. ஆனால் பின்தொடர்ந்து கேட்க ஓர் ஆள் இருந்தார். இப்போது தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் முதியவர் கிளினிக்கிற்குப் போவதே மகனின் மோட்டார் சைக்கிளை நம்பித்தான். வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட். மகனின் ஒரு நாள் சம்பளம் அப்படி இல்லை.

தோட்டத்தில் முதலில் பேச வேண்டியது சோறுகூட இல்லை, பாதம். நீரிழிவு நாட்பட்டால் பாதத்தில் உணர்ச்சி மங்குகிறது. செம்பனை மட்டை முள் குத்தினால் தெரியாது. பூட்ஸுக்குள் கல் உருண்டாலும் தெரியாது. நான்கு நாள் கழித்து வீக்கமும் வாடையும் வந்த பிறகுதான் தெரிகிறது, அதற்குள் விரலைக் காப்பாற்றுவதே போராட்டமாகிவிடும். “காலைப் பத்திரமா பாத்துக்குங்க” என்று சொன்னால் யாரும் எதையும் செய்யப் போவதில்லை. “சாயங்காலம் குளித்த பிறகு, லயத்து வாசல் விளக்கில் உட்கார்ந்து, சிறு கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்ப்பேன், தினமும், பார்வை மங்கலாக இருந்தால் மருமகள் பார்ப்பார்” என்பது செய்யக்கூடியது. செலவு இல்லை. காலையில் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுவது இன்னொரு வரி.

மாசி மகத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. செங் சன்னாசிமலை ஆலயத்திற்கு ஆண்டுதோறும் காவடியும் பால்குடமுமாகப் பக்தர்கள் திரள்கிறார்கள். தார்ச்சாலை மதிய வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்பது நடந்தவர்களுக்குத் தெரியும். பாத உணர்ச்சி குறைந்தவருக்கு அது தெரியாது என்பதுதான் ஆபத்து. வேண்டுதலைக் கைவிடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வெயில் ஏறும் முன் நடப்பது, தடித்த காலுறை அணிவது, முடித்த கையோடு பாதத்தைப் பார்ப்பது, காலையில் ஊசி போட்டிருந்தால் வெறும் வயிற்றோடு நடக்காமல் இருப்பது ஆகியவற்றை முன்கூட்டியே டாக்டரோடு பேசி முடிவு செய்து கொள்ளலாம்.

சிறு திட்டங்களுக்குப் பெரிய பலன் உண்டா என்ற சந்தேகம் நியாயமானது. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரைப் பின்தொடர்ந்தது. மூன்று ஆண்டில், பொது ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவிலும் நடையிலும் தனித்தனியாகத் திட்டம் போட்டுத் தொடர்ந்து கேட்கப்பட்டவர்களில் அது 39 விழுக்காடு. அதே குழு 2013-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் 537 ஆண்களில் ஒரு பாதிக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி மட்டும் அடிக்கடி போனது. இரண்டு ஆண்டில் அவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. இவை நோய் வருமுன் தடுக்கும் ஆய்வுகள், ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் நம்மைப் போலவே சோறும் இட்லியும் சாப்பிடும் மக்களிடம் நடந்தவை.

மறுபக்கமும் உண்டு. லோரிக் முறையைப் பின்பற்றி இங்கிலாந்து அரசு நடத்திய நோயாளர் வகுப்புகளை 2007-இல் மதிப்பிட்டபோது, பங்கேற்றவர்களின் தன்னம்பிக்கை கூடியது, உற்சாகம் கூடியது. டாக்டரைப் பார்க்கும் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. அரசுச் செலவைக் குறைக்கும் மந்திரமாக இதைப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வேறு வழியில் போனது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம், சீனி பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதன் பலம் மாத்திரையைவிட, வாசலுக்கு ஓர் ஆள் திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது என்றே தோன்றுகிறது. அடுப்படியைப் பார்த்தவரால்தான் “இந்தப் பெரிய அகப்பையை மாத்துங்க” என்று சொல்ல முடியும்.

மலேசியாவில் ஒன்றுமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. அரசு கிளினிக்குகள் பலவற்றில் மருந்தாளுநர்கள் நடத்தும் நீரிழிவு மருந்துக் கடைப்பிடிப்புச் சேவை உண்டு. அங்கே உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் டாக்டர் அனுப்பினால்தான் போக முடிகிறது. நாமே கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 40 வயதுக்கு மேற்பட்ட பி40 குடும்பத்தினருக்கு, 2019-இல் தொடங்கிய பெகா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது. கொஸ்பென் திட்டத்தில் சமூகத் தொண்டர்கள் இருக்கிறார்கள். சிலாங்கூரிலும் கூட்டரசுப் பிரதேசத்திலும் பத்து அரசு கிளினிக்குகளில் யு.ஐ.டி.எம். பல்கலைக்கழகக் குழு நடத்திய எம்பவர் ஆய்வு, நோயாளி தாமே பதிவு செய்யும் கையேட்டையும் கிளினிக் குழுவின் கூட்டு வேலையையும் சேர்த்துச் சோதித்து, சீனி அளவில் முன்னேற்றம் கண்டது. அதாவது நம் அரசு கிளினிக்கின் நெரிசலுக்குள்ளேயே இது செய்யக்கூடியது என்பதற்கு உள்நாட்டுச் சான்று இருக்கிறது.

அமைச்சு பரப்பும் ‘சூக்கு சூக்கு செப்பாரோ’ தட்டும் நல்ல திட்டமே: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கறி, பாதி காய்கறியும் பழமும். தட்டில் பார்த்தாலே புரியும். வாழை இலைக்குத்தான் விளிம்பு இல்லை. கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர் “இன்னும் கொஞ்சம்” என்று குனியும்போது எந்த விகிதமும் நிற்காது. அதற்கும் முன்கூட்டியே ஒரு வரி தயாராக இருந்தால் நல்லது: சாம்பாருக்கு ஒருமுறை மட்டும் சோறு, இரண்டாம் முறை கேட்டால் கையை இலைமேல் வைத்துவிடுவது. இதில் பரிமாறுகிறவர்களும் கற்க வேண்டியது உண்டு. மறுப்பவரை வற்புறுத்துவதைப் பாசம் என்று நாம் எண்ணுகிறோம்.

சர்க்கரை பானங்களுக்கு 2019 ஜூலை 1 முதல் லிட்டருக்கு 40 சென் கலால் வரி வந்தது, பிறகு உயர்த்தவும் பட்டது. அது டின்னிலும் போத்தலிலும் வரும் பானத்திற்குத்தான். கோப்பிக் கடையிலோ வீட்டு அடுப்பிலோ கலக்கும் தேத்தண்ணியை எந்த வரியும் தொடாது.

தொற்றா நோய்களுக்கான தேசிய வியூகத் திட்டம் 2016 முதல் 2025 வரை என்று வகுக்கப்பட்டது. அடுத்த கட்டத்தில் தமிழில் ஒரு பக்கம் கேட்பது பேராசை ஆகாது. பச்சைப் புத்தகத்தின் நடுவே ஒட்டக்கூடிய ஒரே ஒரு தாள்: இந்த மாதம் நான் செய்வது என்ன, எவ்வளவு, எப்போது, வாரத்தில் எத்தனை நாள், நம்பிக்கை 10-க்கு எவ்வளவு. மலாயும் தமிழும் அருகருகே இருந்தால் டாக்டரும் படிக்கலாம், பேத்தியும் படிக்கலாம். தமிழ்ப்பள்ளி, ஆலயம், பெண்கள் குழு என்று மலாக்காவில் நமக்குக் கூடும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆலயத்தில் ஆண்டுக்கொரு நாள் விரலில் குத்தி எண்ணை மட்டும் சொல்லி அனுப்பும் மருத்துவ முகாமைவிட, வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு எட்டுப் பேர் அரை மணி நேரம் உட்கார்ந்து “போன வாரம் முடிஞ்சுதா?” என்று ஒருவரை ஒருவர் கேட்பது அதிகம் உதவக்கூடும். அதற்கு டாக்டர் வேண்டாம். ஆனால் மருந்தைப் பற்றிய கேள்வியை டாக்டரிடமே திருப்பிவிடத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

ஒரு முன்னெச்சரிக்கை கட்டாயம். கிளிக்ளசைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவரோ இன்சுலின் போடுகிறவரோ திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால், புதிதாக ஒரு மணி நேரம் நடக்க ஆரம்பித்தால், சீனி 4-க்குக் கீழே இறங்கலாம். கை நடுக்கம், குப்பென்ற வியர்வை, தடுமாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸையோ சீனியையோ தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இப்படிப்பட்டவர்கள் தம் சிறு திட்டத்தைத் தொடங்கும் முன்பே கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும். வீட்டில் பரிசோதிக்கும் பட்டைகளைப் பெரும்பாலும் சொந்தப் பணத்தில்தான் வாங்க வேண்டியிருப்பதால், எந்த நாளில் எந்த வேளையில் குத்திப் பார்ப்பது அதிகப் பயன் தரும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த கிளினிக் நாளன்று டாக்டர் வழக்கம்போல “குராங்கான் மானிஸ்” என்று சொல்லும்போது, நோயாளியோ உடன் வந்த மகளோ ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: “யாங் மானா டூலு, டாக்டர்?” முதலில் எதை?